எல்லையோரக் கத்தோலிக்கப் பள்ளியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்களுக்கு

நூற்றாண்டு மலர் போடுவது என்று முடிவானதும் விழாக்குழு முதலில் செய்கிற காரியம், ஆயருக்கும் அமைச்சருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் வாழ்த்துரை கேட்டுக் கடிதம் அனுப்புவது. அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். முதலில் திறக்க வேண்டியது தலைமையாசிரியர் அறையில் இருக்கும் இரும்பு பீரோவை. பழைய வெள்ளிவிழா மலரைப் பார்த்து எழுதினால் அதிலிருந்த பிழைதான் இன்னும் வழவழப்பான தாளில் அச்சாகும். பீரோவில் இருக்கிற பதிவேடுகளை வைத்து எழுதினால்தான் பள்ளி உண்மையில் எப்படி நடந்தது என்று தெரியும்.

கேரள-தமிழ்நாட்டு எல்லையில், பாலக்காடு ஜில்லாவிலுள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறோம். கேரளத்தின் மற்ற எல்லைப் பகுதிகளுக்கும் முறை இதேதான், காகிதம் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

முதல் கேள்வி: பள்ளி யார் ஆட்சியில் இருந்தது?

இப்போது எல்லாம் பாலக்காடு ஜில்லா. ஆனால் 1949-க்கு முன் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானம். பாலக்காடு தாலுகாவோ பிரிட்டிஷ் மலபார், அதாவது சென்னை மாகாணம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்த இரண்டு பள்ளிகளுக்கு வெவ்வேறு கல்வி இலாகா, வெவ்வேறு இன்ஸ்பெக்டர், வெவ்வேறு சட்டப் புத்தகம். 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1-ல் மலபாரும் சேர்ந்து கேரளம் பிறந்தது. ஆகவே சித்தூர்ப் பக்கத்துப் பள்ளியின் பழைய அரசு உத்தரவைத் தேடுகிறவர்கள் எர்ணாகுளத்தில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகக் கிளைக்குப் போக வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் என்றால் கோழிக்கோடு கிளை, அங்கேயும் கிடைக்காவிட்டால் சென்னை எழும்பூர். இதைத் தீர்மானிக்காமல் ரயில் டிக்கெட் எடுத்தால் போக்குவரத்துச் செலவுதான் மிச்சம்.

திருச்சபை எல்லை அரசாங்க எல்லையோடு ஒட்டாது. இந்தப் பகுதியின் லத்தீன் வழிபாட்டு முறைப் பங்குகள் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள கோயில் வட்டாரங்கள்) பல நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின், அதாவது அந்த ஊர் ஆயரின் ஆட்சியின், கீழ் இருந்தவை. கோவை மிஷன் 1850-ல் தனி மறை ஆட்சிப் பகுதி ஆனது, 1886-ல் மறைமாவட்டம் ஆனது. அங்கே வேலை செய்தவர்கள் பாரிஸ் வேதபோதகச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள். கோழிக்கோடு மறைமாவட்டம் 1923-ல் வந்தது. கேரளக் கத்தோலிக்கருக்குள் தனி வழிபாட்டு மரபான சீரோ மலபார் முறைக்கான பாலக்காடு மறைமாவட்டம் 1974-ல். கோவையிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைந்தது 2013 டிசம்பரில்தான். ஆகையால் பள்ளி கட்ட நிலம் வாங்கிய கடிதம் இன்றைய ஆயர் இல்லத்தில் இல்லாவிட்டால் அது தொலைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள், கோவையில் கேளுங்கள். பிரெஞ்சுக் குருக்கள் ஆண்டுதோறும் பாரிஸுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். அதில் பள்ளிகளின் எண்ணிக்கையும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் வரும். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஒரு சிஸ்டரோ கல்லூரி ஆசிரியரோ கிடைத்தால் போதும்.

இங்கே ஒரு வழக்கமான தவறு. கேரளக் கத்தோலிக்கப் பள்ளி என்றதும், ‘கோயிலுக்கு ஒரு பள்ளிக்கூடம்’ என்று 1864-ல் சாவறா குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சன் இட்ட கட்டளையிலிருந்து கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். அவர் சீரோ மலபார் சபையின் விகாரி ஜெனரல், அதாவது ஆயருக்கு அடுத்த நிர்வாகப் பொறுப்பாளர். கோவை மிஷனின் கீழிருந்த தமிழ்ப் பங்கின் பள்ளிக்கு அந்தக் கட்டளை தாய் அல்ல. உங்கள் பள்ளி எந்த வழியில் வந்தது என்பதற்குக் காகிதம் இருந்தால் மட்டும் அவர் பெயரை எழுதுங்கள்.

தொடங்கிய ஆண்டு

ஒரு பள்ளிக்குக் குறைந்தது நான்கு பிறந்தநாள் இருக்கும்: கோயில் தாழ்வாரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்த நாள், சேர்க்கைப் பதிவேட்டில் முதல் எண் விழுந்த நாள், அரசு அங்கீகார உத்தரவு வந்த நாள், கட்டடத்தில் பதித்த கல்லில் இருக்கும் நாள். விழா எடுப்பது பெரும்பாலும் கல்லில் இருக்கும் ஆண்டுக்கு, காரணம் அதுதான் கண்ணில் படுகிறது. நான்கையும் எழுதுங்கள், எது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். விழா ஆண்டை மாற்றச் சொல்லவில்லை, வாசகரைக் குழப்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்தை நம்பும் முன் இதைப் பாருங்கள். முதல் நாற்பது பேரும் ஒரே தேதியில் சேர்ந்திருக்கிறார்களா? எண் 1 பெற்ற பிள்ளை நேராக மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறதா? அப்படியென்றால் அது பள்ளியின் முதல் நாள் இல்லை. பழைய பதிவேடு நிறைந்தோ கரையான் அரித்தோ போனபின், அல்லது பள்ளி அடுத்த நிலைக்கு உயர்ந்தபோது, புதிதாகத் திறந்த புத்தகம் அது. உண்மையான முதல் பதிவேட்டில் பிள்ளைகள் இரண்டும் மூன்றுமாக வெவ்வேறு நாளில், பெரும்பாலும் முதல் வகுப்பில் வந்து சேர்வார்கள்.

கொச்சிப் பக்கத்துக் காகிதங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். மாற்றுவது எளிது. ஆண்டு சிங்ஙத்தில், அதாவது நம் ஆவணியில், ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. சிங்ஙம் முதல் தனு மாதத்தின் நடுப்பகுதி வரை 824 கூட்ட வேண்டும், அதற்குப் பின் 825. 1087 கன்னி என்றால் 1911-ன் புரட்டாசி. 1087 மகரம் என்றால் 1912-ன் தை. தனு மாதத்துக்குள் ஜனவரி 1 வந்துவிடுவதால் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் நாள் எண்ணையும் பார்க்க வேண்டும். மாதப் பெயரைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் ஓராண்டு தப்பும். பெரியவர்கள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்வது கொல்லம் 1099 கர்க்கடகம், அதாவது 1924 ஜூலை. இதை 1999 என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஒரே ஆள், மூன்று பெயர்

பள்ளிப் பதிவேட்டையும் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் ஒப்பிடும்போதுதான் வேலை சூடுபிடிக்கும், பிழையும் அங்கேதான் புகும். பங்குப் பதிவேடு பழையதென்றால் லத்தீனில் இருக்கும். லத்தீனில் ‘பேத்ருஸ்’ என்று இருப்பவன் பள்ளிப் பதிவேட்டில் இராயப்பன். மலையாள எழுத்தர் எழுதிய மாறுதல் சான்றிதழில் அவனே பத்ரோஸ். யொஹான்னெஸ் என்பவர் அருளப்பன், யோஹன்னான். யோசேப்புஸ் என்பவர் சூசை, அவுசேப்பு. யாக்கோபுஸ் சந்தியாகுவாகவும் சாக்கோவாகவும் வருவார். பவுலுஸ் சின்னப்பன். இது தெரியாமல் ‘முதல் ஆண்டு மாணவர்கள்’ பட்டியல் போட்டால் ஓர் ஆளை மூன்று பேராக எண்ணிவிடுவீர்கள். தகப்பன் பெயர், பிறந்த தேதி, ஊர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் ஒரே ஆள் என்று முடிவுசெய்யுங்கள்.

பிறந்த தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். பழைய பதிவேட்டில் மே, ஜூன் மாதங்களில் பிறந்த பிள்ளைகள் அளவுக்கு மீறி இருப்பார்கள். தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட முடிந்தால் ஐந்து வயது என்று வாத்தியார் முடிவுசெய்து, பள்ளி திறக்கும் நாளை ஒட்டி ஒரு தேதி போட்டுவிடுவார். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் தேதி இதைவிட நம்பகமானது, குழந்தை பிறந்து சில நாளிலேயே எழுதப்படுவதால்.

வகுப்புப் பெயர்களும் இடறும். மாகாணக் காலத்தில் ‘முதல் ஃபாரம்’ என்றால் இன்றைய ஆறாம் வகுப்பு, ‘ஆறாம் ஃபாரம்’ என்றால் பதினோராம் வகுப்பில் முடியும் எஸ்.எஸ்.எல்.சி. ‘ஆறாம் ஃபாரம்’ என்பதைப் படித்துவிட்டு, அன்றே ஆறாம் வகுப்புவரை பள்ளி வளர்ந்திருந்தது என்று எழுதுவது பெரிய சறுக்கல். உண்மையில் அது உயர்நிலைப் பள்ளியாகவே இருந்திருக்கும்.

சேர்க்கைப் பதிவேடு முழுவதையும் எண்ண ஆள் இல்லை என்றால் பத்தாண்டுக்கு ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் சேர்ந்த பெண் பிள்ளைகள் எத்தனை, தகப்பன் தொழில் என்ன, எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார்கள், ஐந்தாம் வகுப்புக்கு முன் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று நான்கு கோடு போட்டு எண்ணினால் போதும். கடைசிக் கோடுதான் முக்கியம். விழா மலர்கள் ஜெயித்தவர்களைப் பற்றியே எழுதுகின்றன. நிலக்கடலை பறிக்கப் போய் நின்றுபோன பிள்ளைகள் இந்த ஒரு பதிவேட்டில்தான் இருக்கிறார்கள்.

மணி முதல் மணி வரை

அன்றாட வாழ்க்கை பெரிய பதிவேடுகளில் இருக்காது. ரொக்கப் புத்தகம், வருகைப் பதிவேடு, பார்வையிட வந்தவர்கள் குறிப்பு எழுதும் பார்வைப் புத்தகம், சுற்றறிக்கை நோட்டு இந்த நான்கையும் எடுங்கள்.

ரொக்கப் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒன்று சொல்கிறோம். மே மாதந்தோறும் ‘ஓலை, கயிறு, மூங்கில், கூரை வேயும் கூலி’ என்று செலவு வந்துகொண்டே இருக்கும். ஓர் ஆண்டு அந்த வரி நின்று, அதற்குப் பதில் ‘ஓடு, வண்டிக் கூலி, ஆசாரி’ என்று வரும். கூரை மாறிய ஆண்டு அதுதான், யாரிடமும் கேட்க வேண்டாம். மணிக்குக் கயிறு வாங்கியது, கிணற்றுக்கு வாளி வாங்கியது, மண்ணெண்ணெய் நின்று மின்கட்டணம் தொடங்கியது எல்லாம் இப்படியே கிடைக்கும். 1957 ஏப்ரல் 1-க்கு முன் கணக்கு ரூபாய், அணா, பை. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓரணா. 3-8-0 என்று இருந்தால் அது மூன்றரை ரூபாய், மூன்று ரூபாய் எண்பது பைசா இல்லை.

வருகைப் பதிவேட்டில் ஜூன் மாதத்து எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கேரளத்தில் ஆசிரியர் பணியிடம் பிள்ளைகளின் தலைக்கணக்கில் தீர்மானமாகிறது. இப்போது பள்ளி திறந்த ஆறாம் வேலைநாள் கணக்கு. முன்பு கல்வி அதிகாரி நேரில் வந்து எண்ணினார். அந்த நாளுக்காகப் பட்டியல் கொஞ்சம் உப்பும். நவம்பர் மாதத்தின் நடுவில் ஒரு வாரத்தை எடுத்துச் சராசரி பார்த்தால் உண்மைக்கு அருகில் வரும். சந்தை நாளில், கடலை பறிப்பில், சித்தூர்க் கொங்கன்படைத் திருவிழாவின்போது, தைப்பொங்கலில் வருகை விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தை நீங்கள் தேதியோடு எழுதினாலே ஊரின் வாழ்க்கை வந்துவிடும்.

கத்தோலிக்கப் பள்ளியின் நாளுக்கு இரண்டு கடிகாரம். ஒன்று இலாகாவுடையது, இன்னொன்று கோயிலுடையது. நண்பகல் மணி அடித்ததும் வகுப்பை நிறுத்திச் சொல்லும் மூவேளை ஜெபம், முதல் வெள்ளிப் பூசை, அக்டோபர் ஜெபமாலை, பாதுகாவலர் திருவிழாவுக்கு விடுமுறை, சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்த வகுப்பு. இவற்றைச் சுற்றறிக்கை நோட்டிலிருந்து எடுக்கலாம். ‘ஞானோபதேசம்’ என்ற பாடவேளை பிற்காலத்தில் ‘மறைக்கல்வி’ ஆகிறது. அதே நேரத்தில் மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கு ‘நன்னெறி’ அல்லது மலையாளத்தில் ‘சன்மார்க்கம்’ என்று கால அட்டவணையில் தனியாக இருக்கும். அரசு நிதி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றிச் சமயப் போதனைக்குப் பிள்ளையை உட்கார்த்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே இந்த இரண்டு வரிசையும் எந்த ஆண்டிலிருந்து தனித்தனியாக வருகின்றன என்று பாருங்கள், பள்ளியின் குணம் அதில் தெரியும். நாள்தோறும் பூசைக்கு லத்தீனில் பதில் சொன்ன பிள்ளைகள் 1960-களின் நடுவில் தமிழுக்கு மாறினார்கள். பீடத்தில் உதவிய பெரியவர் யாராவது இருந்தால் இன்றும் அந்த லத்தீன் வரிகளைத் தடங்கலின்றிச் சொல்வார், பதிவு செய்துகொள்ளுங்கள்.

மேனேஜர், கல்விச் சட்டம், மொழி

தமிழ்நாட்டில் தாளாளர் என்று சொல்கிறவரை இங்கே மேனேஜர் என்கிறோம். 1959 ஜூன் 1-ல் கேரளக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்துக் கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் மற்றவர்களும் சேர்ந்து நடத்திய விமோசன சமரத்தின் (விடுதலைப் போராட்டம்) முடிவில் ஜூலை 31-ல் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அரசு கலைக்கப்பட்டது. அந்த இரண்டு மாதத்து வருகைப் பதிவேடும் சுற்றறிக்கையும் உங்கள் பீரோவில் இருந்தால் அது பொக்கிஷம். பள்ளி மூடியிருந்ததா, எத்தனை நாள், ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டார்களா என்று பார்த்து, கண்டதை மட்டும் எழுதுங்கள். யார் பக்கம் நியாயம் என்ற வழக்கை விழா மலரில் நடத்த வேண்டாம்.

மொழிக்குத் தனி அத்தியாயம் வேண்டும். மலபார்ப் பக்கத் தமிழ்ப் பிள்ளைகள் 1956 வரை சென்னை மாகாணப் பாடநூல் படித்தார்கள், பிறகு கேரளப் பாடநூலின் தமிழ்ப் பதிப்பு. எந்த ஆண்டு எந்த வகுப்பில் தமிழ்ப் பிரிவு இருந்தது, எப்போது மலையாளப் பிரிவு தொடங்கியது, எப்போது ஆங்கிலப் பிரிவு, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று ஓர் அட்டவணை போடுங்கள். மலரிலேயே அதிகம் படிக்கப்படும் பக்கம் அதுவாக இருக்கும். மலையாளத்தில் வந்த இலாகா உத்தரவைத் தமிழ் ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் தமிழாக்கி வைத்திருப்பார். அந்தப் பென்சில் குறிப்பையும் படமெடுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

‘அந்தக் காலத்துல பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லா இருந்துச்சு, இப்ப மாதிரி இல்ல’ என்ற பதில்தான் வரும். பொருளைக் காட்டிக் கேளுங்கள். சிலேட்டை எதைக் கொண்டு அழிச்சீங்க, மஷித்தண்டா கோவை இலையா? மதியம் என்ன போட்டாங்க? 1960-களில் படித்தவரென்றால் அமெரிக்க மாவில் கிண்டிய மஞ்சள் உப்புமா என்பார், அதன் மணத்தைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்தவே மாட்டார். அவருக்கு இளையவர் கஞ்சியும் பயறும் என்பார். அதை வைத்தே அவர் படித்த காலம் பிடிபட்டுவிடும். ஆண்டு நினைவில்லை என்றால் பொது நிகழ்ச்சியில் கட்டுங்கள்: புதுப் பைசா வந்ததுக்கு முன்னயா பின்னயா, சீனச் சண்டையப்போ எந்த வகுப்பு, நேரு இறந்த அன்னைக்கு பள்ளிக்கூடம் இருந்துச்சா? (இல்லை, அது மே 27, கோடை விடுமுறை. ‘அன்னைக்கு லீவு விட்டாங்க’ என்று ஒருவர் சொன்னால் மற்ற தேதிகளையும் இன்னொரு முறை சரிபாருங்கள்.)

ஒரு அமர்வு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இருவர் போங்கள், ஒருவர் பேச, ஒருவர் குறிக்க. செல்போனை நேராக மேசைமேல் வைத்தால் தட்டும் சத்தம் விழும், மடித்த துண்டின்மேல் வையுங்கள். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது திண்ணையில் பதிவு செய்யாதீர்கள், குரலே கேட்காது.

காகிதத்தைத் தொடும் முன்

தலைமையாசிரியர், மேனேஜர் இருவரின் எழுத்து அனுமதி வேண்டும். சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம், பள்ளி அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஒருநாள் இரவு வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துப்போனவை பல திரும்பியதில்லை. அலுவலகத்திலேயே ஜன்னலோரம் மேசை போட்டு, ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். ஒருவர் புரட்ட ஒருவர் எடுத்தால் இருநூறு பக்கம் ஒரு காலைப்பொழுதில் முடியும். கோப்புப் பெயரில் பதிவேட்டின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றும் வர வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பி வாங்கினால் படம் சுருங்கி எழுத்து மங்கிவிடும், கேபிளில் நேராகக் கணினிக்கு மாற்றுங்கள்.

கை சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டுவது பழக்கமென்றால் அவரை வேறு வேலைக்கு அனுப்புங்கள். கிழிந்த தாளுக்கு செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், சில ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். ஈரம் பட்ட பக்கங்களை வெயிலில் போட்டால் மை வெளுத்துத் தாள் நெளியும். பக்கங்களுக்கு நடுவே அச்சடிக்காத வெள்ளைத் தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். கரையான் ஏறிய புத்தகத்தை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கக் கூடாது.

அச்சிடக் கூடாதவை

சாதிப் பத்தி, கட்டணச் சலுகை பெற்றவர் பெயர், தண்டனைக் குறிப்பு, மாறுதல் சான்றிதழில் விலகியதற்கு எழுதிய காரணம், விடுதியில் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளின் விவரம். இவற்றை எண்ணிக்கையாகச் சொல்லலாம், பெயராகச் சொல்லக் கூடாது. சின்ன ஊர், பேரப்பிள்ளைகள் அதே பள்ளியில் உட்கார்ந்திருப்பார்கள். பதிவேட்டுப் பக்கத்தைப் படமாகப் போட ஆசை இருந்தால் அந்தப் பத்திகளை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

மெய்ப்புத் திருத்தத்தில் பெயர்களுக்கு மட்டும் தனிச்சுற்று வேண்டும். தமிழ் படிப்பவர் ஒருவர், மலையாளம் படிப்பவர் ஒருவர், இருவரும் ஒரே மேசையில்.

மலரின் கடைசிப் பக்கத்தில் ‘எங்களுக்குக் கிடைக்காதவை’ என்று ஒரு பட்டியல் போடுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வருகைப் பதிவேடு இல்லை, எந்த ரொக்கப் புத்தகம் காணோம், எந்தத் தலைமையாசிரியரின் படம் கிடைக்கவில்லை என்று ஆண்டோடு எழுதி, பள்ளி அலுவலகத் தொலைபேசி எண்ணையும் போடுங்கள். ஓய்வுபெற்ற எழுத்தர் வீட்டுப் பரணில் துணிமூட்டைக்கு அடியில் கிடக்கும் நோட்டு, அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் கீழே இறங்கும்.